கரண்டிச் சட்டை

அண்ணன் கூம்புக்குள் இறங்கி வெளியே வராத அன்று, ஆலை வாசலில் இருக்கும் மின்பலகை 2,214 என்று காட்டியது. மறுநாள் காலை ஆறு மணிக்கு 2,215 என்று காட்டியது. பலகையின் தலைப்பு ‘விபத்தில்லா நாட்கள்’. பலகை பொய் சொல்லவில்லை. நடந்தது விபத்து அல்ல, குடிமாற்றம் என்று நலவாழ்வுத் துறை அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டது.

கூம்பு என்பது மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும் இரும்புத் தொட்டி. மேலே அகலம், கீழே குறுகல். சிமெண்டுத் தூள் மேல்கதவு வழியாக உள்ளே விழும், அடிவாய் வழியாக மூட்டைக்குப் போகும். ஈரக்காற்று அடித்தால் தூள் சுவரில் அப்பிக் கல்லாகிவிடும். அப்போது ஐந்து பேர் பக்கத் துவாரம் வழியாக உள்ளே இறங்கிக் கடப்பாரையால் பெயர்க்க வேண்டும். ஐந்து பேரும் வெளியே வந்த பிறகு, மேலே தளத்தில் நிற்பவர் கதவைத் திறந்துவிடுவார். நாற்பது டன் தூள் ஒரே மூச்சில் இறங்கும். ஐந்து பேரும் வெளியே வந்தார்களா என்பது மட்டும்தான் இந்த வேலையில் கவனிக்க வேண்டியது.

தூளில் முங்கி எழுந்தவனுக்கு முகம் கிடையாது. மூக்கு, முழி, மீசை எல்லாம் ஒரே சாம்பல். பெற்றவளே வந்தாலும் நீ யார் என்றுதான் கேட்பாள். அதனால் ஒவ்வொருவன் சட்டை முதுகிலும் ஒரு படம் இருந்தது. வரைந்தது அண்ணி. அவளுக்கு மூட்டைப் பிரிவில் முத்திரை குத்தும் வேலை. மூட்டை மை வெயிலுக்கும் மழைக்கும் அசையாது, தூளைத் தட்டிவிட்டால் கறுப்பாகத் தெரியும். ஆணி, பூனை, செருப்பு, சீப்பு, கரண்டி. தட்டில் விழுவதைக் கணக்குப் பார்க்காமல் சாப்பிடும் அண்ணனுக்குக் கரண்டி. இருபத்தெட்டு வயதில் தலை மொத்தமும் வெளிச்சமாகிவிட்ட தம்பிக்குச் சீப்பு. படம் முதுகுக்கு வந்த பிறகு பெயர்கள் வழக்கொழிந்துவிட்டன. மேலே நிற்கும் பெரியவருக்கே மேல்கதவு என்று பெயர் ஆகிவிட்டது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து ஒவ்வொரு படமாகக் கூப்பிடுவார்.

“ஆணி?”

“வெளிய.”

“பூனை?”

“வெளிய.”

கடைசியாக வருவது எப்போதும் கரண்டிதான். மற்றவர்களின் கடப்பாரைகளைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பிவிட்டு வருவான். “கரண்டி?” என்று கேட்டால், “பசிக்குது, கதவைத் திறய்யா” என்று பதில் வரும். பதினோரு வருடம் இப்படித்தான் ஓடியது.

பிறகு புதிய நிர்வாகம் வந்தது. எல்லோருக்கும் சாம்பல் நிறச் சீருடை கொடுத்தது. சீருடையில் எழுதவோ வரையவோ கூடாது, அது ஒரு தொழிலாளியை இன்னொரு தொழிலாளியிடமிருந்து பிரித்துக் காட்டி மன வருத்தம் உண்டாக்கும் என்று சுற்றறிக்கை சொன்னது. பதினேழாம் நாள் மேல்கதவு எட்டிப் பார்த்து ஐந்து சாம்பல் முதுகுகளை எண்ணினார். கதவைத் திறந்தார். ஐந்தாவது முதுகு, குழாயில் கை கழுவ வந்த ஃபிட்டருடையது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. மூடியில் ஆணி அடித்திருந்தது. மேலே ‘குடிமாறியவர் விட்டுச்சென்ற பொருட்கள்’ என்று ஒட்டியிருந்தது. நாலு பேர் தூக்கினார்கள். அண்ணனின் கனம் இருந்தது. புதைத்தார்கள்.

பெட்டியோடு நலவாழ்வு அதிகாரியும் வந்திருந்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

“உங்க வீட்டுக்காரர் எங்கயும் போயிடலம்மா. மலர்புரியில இருக்கார். முன்னாடி வாரத்துக்கு அரை மணி நேரம் அங்க இருந்தார். இனிமே முழு நேரமும் இருப்பார். சொல்லப்போனா இது ஒரு பதவி உயர்வு மாதிரி.”

மலர்புரி என்பது கணினி விளையாட்டு. நலவாழ்வுக் கூடத்தில் இருபது கணினிகளில் அது ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் அதில் ஓர் ஆள் உண்டு. அந்த ஆளுக்கு வீடு, சோபா, தக்காளிப் பாத்தி உண்டு. வாரம் அரை மணி நேரம் உட்கார்ந்து அவனைக் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கை காட்ட வைக்க வேண்டும். அதற்கு ஓய்வு என்று பெயர். ஓய்வுக்கு வராதவன் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். தொழிலாளர் குடியிருப்பில் கூரை ஒழுகுகிறது என்று மனு கொடுத்த பதினான்கு குடும்பங்களுக்கு மலர்புரியில் மாடி கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

ஆலையிலும் நிர்வாகம் பாடம் கற்றுக்கொண்டது. மனிதன் எண்ணினால் தப்பு வரும் என்று, எண்ணும் வேலையை மேல்கதவிடமிருந்து எடுத்து ஒரு திரையிடம் கொடுத்தார்கள். கூம்புக்குள் இறங்குகிறவன் அட்டையைத் தேய்த்துவிட்டு இறங்க வேண்டும், ஏறும்போது மறுபடி தேய்க்க வேண்டும். திரை பூஜ்ஜியம் காட்டினால் முதல் மணி அடிக்கும். மூன்று நிமிடம் கழித்து இரண்டாவது மணி. கதவு தானே திறக்கும். மேல்கதவுக்கு மிச்சம் இருந்தது ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். வாசலில் இருக்கும் பலகையும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். அதனால் அழுத்துவதற்கு முன் யோசிக்கும்படி பொத்தானுக்கு மேல் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்கு அரை மணி நேரம் அனுமதி கிடைத்தது. கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு போனாள். கூடத்தின் எழுத்தர் அம்மா ஒரு கணினியைத் திறந்து மலர்புரியின் சதுக்கத்தைக் காட்டினாள். நடுவில் ஒரு நீரூற்று. சுற்றிலும் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஆட்கள், ஒரே உயரம், ஒரே முதுகு, மெதுவாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். இருநூறு பேர் இருக்கும்.

“இதுல அவர் யாரு?” என்றாள் அண்ணி.

“முழு நேரக் குடிங்க எல்லாரும் சதுக்கத்துலதான் இருப்பாங்க. அவங்க தூங்க வேண்டியதில்ல. அதனால வீடு கிடையாது.”

“நான் கேட்டது அதில்ல. இதுல என் வீட்டுக்காரர் யாரு?”

எழுத்தர் அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். “இருப்பாரு” என்றாள்.

“மத்தவங்க எல்லாம்?”

“மத்த ஆலைங்கள்லேர்ந்து குடிமாறி வந்தவங்க” என்று சொல்லிவிட்டு, மேசையில் இல்லாத எதையோ தேட ஆரம்பித்தாள்.

வெளியே வந்து குழாயடியில் நின்றபோது அண்ணி சொன்னாள். “தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது யாருன்னு எனக்குத் தெரியும். பொம்மையைப் பாத்துப் புருஷன்னு நம்புற அளவுக்கு நான் லூசு இல்ல. ஆனா வாரத்துக்கு அரை மணி நேரம் குடுத்திருக்கானுங்க. உக்காந்து பாக்குறதுதான் பாக்குறேன், ஊரான் வீட்டு ஆம்பளையைப் பாத்துட்டு வரணுமா? அவர் முதுகுல கரண்டியை மட்டும் போடச் சொல்லு. மத்ததை நான் பாத்துக்குறேன்.”

கூடத்துச் சுவரில் ஒரு வண்ணச் சுவரொட்டி இருந்தது. ‘உங்கள் உடை, உங்கள் படம். மலர்புரியில் இனி உங்கள் ஆடையை நீங்களே வடிவமைக்கலாம்.’ ஆலையில் படம் போட்டால் தண்டனை, மலர்புரியில் போட்டால் பரிசு. சீப்பு அதை இரண்டு முறை படித்துவிட்டு விண்ணப்பம் கேட்டான்.

உடைப்படப் பிரிவு, கூடத்துக்குப் பின்னால் பழைய சைக்கிள் கொட்டகையில் இருந்தது. அங்கேயும் அதே எழுத்தர் அம்மாதான். முன் கதவைப் பூட்டிவிட்டுப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஒரு தாளை நீட்டினாள். அதில் ஒரு சட்டையை வெட்டி உரித்துப் போட்டது போல் கோடுகள் இருந்தன. முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு, கைகள் இரண்டு, கழுத்துப்பட்டி தனியாக.

“இதுல எங்க வரையறீங்களோ அங்கதான் சட்டையில வரும். சதுரமா இருக்கணும். ஓரத்தைத் தொடக் கூடாது.”

சீப்பு மூட்டை மையால் கரண்டி வரைந்து கொடுத்தான். எந்தத் துண்டு முதுகு என்று அவனுக்கு விளங்கவில்லை. மூட்டையைப் பிரித்துப் போட்டால் தையல் விளிம்புக்குப் பக்கத்தில்தான் முத்திரை இருக்கும், அதை வைத்து அவனாக ஒரு கணக்குப் போட்டான். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. திரையில் ஒரு சோதனைப் பொம்மை நின்றது. கரண்டிக் காம்பு தோளில் ஏறி, குழிப் பகுதி அக்குளுக்குள் போய் ஒளிந்திருந்தது.

“அக்குள்ல கரண்டி வச்சா சாப்பாடு எப்படிப் போடுவாரு?” என்றாள் எழுத்தர் அம்மா, சிரிக்காமல்.

இரண்டாம் முறை கரண்டி முதுகில் சரியாக விழுந்தது. ஆனால் அதைச் சுற்றித் தாளின் வெள்ளையும், தாள் கசங்கிய மடிப்பும், ஓரத்தில் அவன் கட்டைவிரல் ரேகையும் சேர்ந்து வந்திருந்தன. முதுகில் நோட்டீஸ் ஒட்டியது போல் இருந்தது.

“பின்னணி இருக்கக் கூடாது” என்றாள்.

“வெள்ளைத் தாள்தானேம்மா.”

“வெள்ளையும் பின்னணிதான். ஒண்ணுமே இருக்கக் கூடாது.”

“ஒண்ணுமே இல்லாத தாள்லதான் வரைஞ்சேன்.”

“அது வெறும் தாள். இது வெறுமை. ரெண்டும் வேற.” குரலைத் தணித்தாள். “நானே அழிச்சுத் தரேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. அழிக்கிறதுக்கு இங்க தனியா ஒரு பிரிவு இருக்கு.”

அவள் அழித்துக் கொடுத்த பிறகு கரண்டி தனியாக, எதன் மேலும் ஒட்டாமல் நின்றது. சீப்புக்கு அது அண்ணி கையால் வரைந்தது போலவே பட்டது. நாலாவது வாரம் அந்தப் படம் ஒப்புதல் குழுவுக்குப் போனது. ஆறாவது வாரம் சீப்பைக் கூப்பிட்டார்கள்.

குழு என்றால் மூன்று பேர். நலவாழ்வு அதிகாரி பேசினார். இரண்டாமவர் எழுதினார். மூன்றாமவர் தலையாட்டினார். சுவர் அளவு பெரிய திரையில் கரண்டி மட்டும் தொங்கியது. அவ்வளவு பெரிதாகப் பார்த்தபோது சீப்புக்கே அது கொஞ்சம் பயமாக இருந்தது.

“இது என்ன?” என்றார் அதிகாரி.

“கரண்டிங்க.”

“அது தெரியுது. ஏன் காலியா இருக்கு?”

சீப்பு திரையைத் திரும்பிப் பார்த்தான்.

“காலிக் கரண்டின்னா பசி. பசின்னா இங்க சாப்பாடு பத்தலன்னு அர்த்தம் வருது. நிரம்பின கரண்டியா இருந்தா, மத்தவங்களுக்கு இல்லன்னு அர்த்தம் வருது. கவுத்து வச்சா, சாப்பாடு முடிஞ்சிருச்சுன்னு வருது.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தலைகீழாப் பாத்தா மேல அகலம், கீழ குறுகல். ஒரு தொட்டி மாதிரி இல்ல?”

மூன்றாமவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஆட்டினார்.

“ஐயா, அது எங்க அண்ணன் அடையாளம். அவ்வளவுதான்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்” என்றார் அதிகாரி கனிவாக. “அடையாளம்னா என்ன? இவர் இன்னார்னு தெரியுறது. இன்னார்னு தெரிஞ்சா, அவர் இருக்காரா இல்லையான்னு தெரியும். இல்லைன்னு தெரிஞ்சா, எங்கன்னு கேள்வி வரும். பாருங்க, சீருடை குடுத்ததுலேர்ந்து இந்த ஆலையில ஒருத்தர் கூட காணாமப் போகல. ஏன்? எல்லாரும் ஒரே மாதிரி இருக்கும்போது யார் காணாமப் போனதுன்னு யாருக்குத் தெரியும்? இதைத்தான் நாங்க மன அமைதின்னு சொல்றோம். மேலிடத்துலேர்ந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கு.”

இரண்டாமவர் பாராட்டுக் கடிதம் என்பதை அடிக்கோடிட்டார்.

“ஆனா நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. விதவை கேக்குறாங்க. எழுதாதீங்க, விதவைன்னு எழுதாதீங்க, முழு நேரக் குடியோட துணைவின்னு எழுதுங்க. படத்துக்கு ஒப்புதல் தரலாம். ஒரே ஒரு சிக்கல். சட்டைக்குச் சொந்தக்காரரே ஏத்துக்கிட்டேன்னு கைநாட்டு வைக்கணும்.”

“அவர் எப்படிங்க வைப்பார்?”

“வைக்க முடியாது. அவர் அங்க இருக்கார், கைநாட்டு இங்க வைக்கணும். நீங்க இங்க இருக்கீங்க, சட்டை அங்க இருக்கு. இதுக்கு இணைப்புன்னு ஒரு வழி வச்சிருக்கோம். உங்க பதிவையும் அவர் பதிவையும் ஒண்ணா ஆக்கிடலாம். ஒரே பதிவு, ஒரே ஆள், முதுகுல கரண்டி. இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்க அண்ணி பாத்துடலாம்.”

இணைப்புப் படிவம் பதினெட்டுப் பக்கம். எழுத்தர் அம்மா அதைக் கொட்டகையில் வைத்து நீட்டினாள். மை டப்பாவை உடனே நீட்டவில்லை.

“படிச்சுட்டு வைங்க.”

“படிச்சா புரியுமாம்மா?”

“புரியாது” என்றாள். பிறகு, “எனக்கும் புரியல. ஆனா இதுல கைநாட்டு வச்ச யாரும் ரெண்டாவது தடவை இந்தக் கொட்டகைக்கு வந்ததில்ல” என்றாள்.

சீப்பு அண்ணியை நினைத்தான். ஆறு ஞாயிற்றுக்கிழமையும் அவள் திரைக்கு முன் உட்கார்ந்து, கடந்து போகும் ஒவ்வொரு சாம்பல் முதுகையும் கழுத்தை நீட்டிப் பார்த்ததை நினைத்தான். கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் கரண்டி இருந்தது. இருநூறு சாம்பல் முதுகுகளுக்கு நடுவே கறுப்பாக, பளிச்சென்று. அண்ணி கையைத் திரைமேல் வைக்கப் போய், வைக்காமல் மடியில் போட்டுக்கொண்டாள்.

“போட்டுட்டானுங்களே” என்றாள்.

கரண்டி நீரூற்றை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கூட்டத்திலிருந்து விலகித் தெருவுக்குள் நடந்தது. முழு நேரக் குடி சதுக்கத்தை விட்டுப் போவதை அண்ணி பார்த்ததே இல்லை. கரண்டி மூன்றாம் சந்தில் திரும்பியது. நீலக் கதவு வைத்த ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது. கதவைத் தள்ளியது. திறக்கவில்லை. மறுபடி தள்ளியது. கதவின் மேல் ‘காலி’ என்று பலகை தொங்கியது. பக்கத்துப் பாத்தியில் தக்காளி பழுத்து உதிர்ந்து கிடந்தது.

“தம்பி” என்றாள் அண்ணி. “நீலக் கதவு வச்சது நீதானே?”

கதவு வைத்தது சீப்புதான். தக்காளி நட்டதும் அவன்தான்.

கரண்டி மூன்றாம் முறை தள்ளிப் பார்த்தது. பிறகு திரும்பி, வந்த வழியே சதுக்கத்துக்கு நடந்து, கூட்டத்தோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது.

“அது உங்க அண்ணன் இல்ல. உன்னையும் உள்ள போட்டுட்டானுங்க.” அண்ணி எழுந்துகொண்டாள். அரை மணி நேரம் முடிய இன்னும் பதினாறு நிமிடம் இருந்தது. “என்னத்துல கைநாட்டு வச்ச?”

திங்கட்கிழமை காலை அவன் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணி வாசலை மறித்து நின்றாள். கையில் மூட்டை மை.

“சட்டையைக் கழட்டு.”

“அண்ணி, வரையக் கூடாதுன்னு…”

“சட்டையிலதானே கூடாது? உன் தோல் ஆலை குடுத்ததா? திரும்பு.”

விரலாலேயே வரைந்தாள். பெரிய சீப்பு. தோளிலிருந்து இடுப்புவரை பற்கள். மை குளிர்ந்தது. வரைந்து முடித்து ஊதிக் காய வைத்தாள். மழைக்காலம் ஆரம்பித்திருந்தது, ஒரு வாரமாக ஈரக்காற்று. கூம்பு அடைத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆலை வாசலில் பலகை 2,301 காட்டியது. அவன் அட்டையைத் தேய்த்தபோது பச்சை விளக்கும் எரியவில்லை, சிவப்பும் எரியவில்லை. காவலர் திரையைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார்.

“குடியேறியவர்னு வருதே. நீ வேலைக்கே வர வேண்டாமேப்பா.”

“அப்ப வீட்டுக்குப் போகட்டுமா?”

“அதுக்கு விடுப்புக் கடிதம் வேணும். குடியேறியவங்களுக்கு விடுப்பு கிடையாது.” தடுப்புக் கம்பியைக் கையால் தூக்கிவிட்டார். “குனிஞ்சு போயிடு.”

கூம்பின் துவாரத்தில் அட்டை தேய்க்கும் பெட்டியும் அப்படியே ஊமையாக இருந்தது. ஆணி அதைப் பார்த்துவிட்டான்.

“டேய் சீப்பு, உன் அட்டை விழல.”

“வாசல்லயும் விழலடா.”

“விழலன்னா இறங்காத.”

பின்னால் நின்ற மேற்பார்வையாளர், அரை நாளாக மூட்டைப் பிரிவு சும்மா நிற்கிறது, அட்டையைப் பிறகு சரிசெய்யலாம், அஞ்சு பேர் செய்யும் வேலையை நாலு பேர் செய்ய முடியாது என்று சொன்னார். அது உண்மைதான். ஐந்து பேர் இறங்கினார்கள். மேலே திரை நான்கு என்று காட்டியது.

உள்ளே அடுப்பு போல் வெந்தது. எல்லோரும் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் பெயர்த்தார்கள். அண்ணன் போன பிறகு கடைசி ஆள் சீப்புதான். நாலு பேரும் ஏறினார்கள், ஒவ்வொருவராக அட்டையைத் தேய்த்தார்கள். சீப்பு கீழே நின்று கடப்பாரைகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது கடப்பாரைக்கு முடிச்சுப் போடும்போது முதல் மணி அடித்தது. அடியிலிருந்து துவாரம்வரை ஏறி வர மூன்று நிமிடம் போதாது.

“மேல்கதவு, ஆள் உள்ள இருக்கான்” என்று ஆணி கீழேயிருந்து கத்தினான். “சீப்பு உள்ள இருக்கான்.”

மேல்கதவு திரையைப் பார்த்தார். கூம்பில் ஆட்கள், பூஜ்ஜியம். கீழே ஆணி கத்துவது கேட்டது. தொழிலாளர் கத்தும் சத்தத்தை ஆவணமாகக் கொள்ளக் கூடாது என்று போன மாதச் சுற்றறிக்கையில் இருந்தது. அதில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். இருந்தும் கதவோரம் இருந்த கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தார். எண்பத்தேழு நாட்களாக அவர் அதில் கண் வைக்கவில்லை. கீழே, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், சாம்பல் படிந்த ஒரு முதுகு குனிந்து நிமிர்ந்தது. வியர்வையில் தூள் வழிந்து, பல் பல்லாகக் கறுப்பு தெரிந்தது.

அவர் தொலைபேசியை எடுத்தார். நலவாழ்வுத் துறை உடனே எடுத்தது.

“ஐயா, திரையில பூஜ்ஜியம்னு இருக்கு. கீழ ஒரு முதுகு தெரியுது.”

“முதுகா?” என்றார் அதிகாரி. குரலில் அவசரம் இல்லை. “அதுல ஏதாவது படம் இருக்கா?”

“இருக்குங்க. சீப்பு.”

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. மேல்கதவு கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை நிமிடம் போயிருந்தது.

“சீப்புன்னு ஒரு படத்துக்கு நாங்க ஒப்புதல் குடுக்கலையே. கரண்டிக்குத்தான் குடுத்திருக்கோம். கரண்டி சதுக்கத்துல இருக்கார், நான் இப்பப் பாத்துட்டுதான் இருக்கேன். நீரூத்துப் பக்கம்.”

“ஐயா, கீழ ஆள் நிக்கிறான்.”

“ஒப்புதல் இல்லாத படம் உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ரொம்ப நாளா ஓய்வுக்கு வரலன்னு நினைக்கிறேன். கண்ணு அசந்திருக்கும். உங்களுக்கு இது ரெண்டாவது தடவை ஆகிடக் கூடாது பாருங்க. அதனாலதான் எண்ணுற பாரத்தை உங்ககிட்டேர்ந்து இறக்கி வச்சோம்.”

மேல்கதவு ரிசீவரை மேசைமேல் வைத்தார். அது பேசிக்கொண்டே இருந்தது. கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்துப் பழைய மாதிரி கூப்பிட்டார்.

“ஆணி?”

“வெளிய.”

“பூனை?”

“வெளிய.”

“செருப்பு?”

“வெளிய.”

நாலாவதாக நிற்பவன், கரண்டிக்குப் பதிலாகப் புதிதாக வந்தவன். படம் இல்லாத காலத்தில் வந்ததால் அவனைக் கூப்பிடப் பெயர் இல்லை. அவன் தானாகவே கையைத் தூக்கினான்.

“சீப்பு?”

கூம்பின் இரும்பு வழியாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது: “உள்ள.”

மேல்கதவு சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

சங்கு ஊதியது. வாசலில் 2,301 அணைந்து 0 எரிந்தது. அலுவலகக் கட்டடத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரும் கூம்பை நோக்கி வரவில்லை. எல்லோரும் பலகையைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சீப்பு நாலாவது கடப்பாரையையும் கட்டி அனுப்பிவிட்டு, ஐந்தாவதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஏறி வந்து குழாயில் முகம் கழுவினான். மூட்டைப் பிரிவு வாசலில் நின்ற அண்ணி அவன் முதுகைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அடுத்த மூட்டைக்கு முத்திரை குத்தினாள். முத்திரை இரண்டாக விழுந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பலகை 2,302 காட்டியது. அதற்கும் விளக்கம் ஒட்டியிருந்தார்கள். நேற்றுப் பொத்தானை அழுத்தியவர் ஊழியர் அல்ல என்று பதிவேட்டைச் சரிபார்த்ததில் தெரிய வந்தது, அவர் முந்தின நாளே குடிமாறிவிட்டார், குடியேறியவர் அழுத்தும் பொத்தான் செல்லாது. மேல்தளத்தில் யாரும் இல்லை. பொத்தான் இருந்த இடத்தில் ஒரு தகடு திருகப்பட்டிருந்தது. மேல்கதவின் மனைவி வாசலில் வந்து விசாரித்தாள். நேற்றுக் காலையில் எப்போதும் போல் சாப்பாடு கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவர் வீடு திரும்பவில்லை என்றாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

அன்று முதல் காலை வேலைக்கு முன் மூட்டைப் பிரிவுக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. கூம்பில் இறங்குகிறவர்கள், சுண்ணாம்புச் சூளைக்காரர்கள், வண்டி ஏற்றுகிறவர்கள். சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. அண்ணி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆளைப் பார்த்து அவளாகவே வரைந்தாள். கூம்பில் கூப்பிடும் வேலையை ஆணி எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில் மேல்கதவின் மனைவி உட்கார்ந்திருந்தாள். திரையில் சதுக்கம். சாம்பல் முதுகுகள். அவளும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்குக்கா. இதுல எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

அண்ணி திரையில் ஓர் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஓர் ஆள் மட்டும் சுற்றி நடக்கவில்லை. நீரூற்றின் திண்டில் ஏறி நின்றிருந்தான். கீழே நகரும் முதுகுகளை நோக்கி ஒரு விரலை நீட்டி, ஒன்றுவிடாமல் குறி வைத்துக்கொண்டே போனான். கரண்டி வந்தபோது விரல் கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.